பூனையின் இருமலும் நத்தையின் பாதையும்

பூனையின் இருமல் எளிதில் கவனத்திற்கு வராத நோய்க்குறி. உடலைத் தரையோடு தாழ்த்தி, கழுத்தை முன்னே நீட்டி அது எழுப்பும் கரகரப்பான ஒலியைக் கேட்பவர்கள், நக்கி விழுங்கிய முடி தொண்டையில் திரண்டுவிட்டதென்றோ வாந்தி வரப்போகிறதென்றோ எண்ணிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. எதுவும் வெளிவராமல் அந்த ஒலி வாரக்கணக்கில் நீடித்த பிறகுதான் பூனை கால்நடை மருத்துவரிடம் போகிறது. அங்கே எக்ஸ்ரே படத்தில் மூச்சுக்குழல் சுவர்கள் தடித்துத் தெரிவதையும், ஒவ்வாமையின்போதும் புழுத்தொற்றின்போதும் பெருகுகிற ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் கூடியிருப்பதையும் வைத்து, ஆஸ்துமா என்று முடிவுசெய்து ஸ்டீராய்டு மருந்து தொடங்கப்படுகிறது. பல பூனைகளுக்கு இந்த முடிவு சரியானதே. ஆனால் இதே அடையாளங்கள் அனைத்தையும் உண்டாக்கக்கூடிய புழு ஒன்று பூனையின் நுரையீரலில் வாழ்கிறது. அதைத் தேடிப் பார்க்காமல் ஆஸ்துமா என்று பெயர் சூட்டுவது, சில வாரங்களில் குணமாகியிருக்கக்கூடிய நோயை வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும் நோயாக மாற்றிவிடுகிறது. இந்தப் புழுவைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதால், இந்தப் புறக்கணிப்புக்கு வசதிக்குறைவைக் காரணமாகச் சொல்ல இயலாது.

ஏலூரோஸ்ட்ராங்கைலஸ் ஆப்ஸ்ட்ரூசஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இந்த உருளைப்புழுவைப் பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் ரையே 1898-இல் விவரித்தார். பூனைகள் வாழும் எல்லாக் கண்டங்களிலிருந்தும் இது பதிவாகியுள்ளது. பெண் புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுடையது. ஆண் புழு அதனினும் சிறியது. இரண்டும் நூலிழையைவிட மெல்லியவை என்பதால், இறந்த பூனையின் நுரையீரலை அறுத்துப் பார்க்கும்போதுகூட அவற்றை முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து இறுதியில் மிக நுண்ணிய குழல்களாகி, காற்றும் இரத்தமும் வாயுக்களைப் பரிமாறிக்கொள்ளும் காற்றறைகளில் முடிகிறது. அந்தக் கடைக்கோடிதான் இப்புழுவின் இருப்பிடம். பெண் புழு இடும் முட்டைகள் காற்றறைகளிலேயே வளர்ச்சியடைந்து பொரிக்க, அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத முதல்நிலை இளம்புழுக்கள் வெளிவருகின்றன. இருமலோடும் சளியோடும் மேலேறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, குடல் வழியாக அவை மலத்தோடு வெளியேறுகின்றன. பூனை துப்புவதில்லை, இருமி வந்ததை விழுங்கிவிடுகிறது. நுரையீரல் நோய்க்கான சான்றை மலத்தில் தேடவேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

மண்ணில் விழுந்த இந்த இளம்புழுவால் இன்னொரு பூனையை நேரடியாகத் தொற்ற முடியாது. அது முதலில் ஒரு நத்தைக்குள்ளோ ஓடற்ற நத்தைக்குள்ளோ புகவேண்டும். ஈரமான இரவில் ஊர்ந்து செல்லும் நத்தையின் பாதத்தசையைத் துளைத்து அது உள்ளே நுழைகிறது. அங்கே இருமுறை சட்டை உரித்து, மூன்றாம் நிலை இளம்புழு எனப்படும் தொற்றும் திறனுள்ள வடிவத்தை அடைகிறது. இந்த வளர்ச்சி சூழலின் வெப்பத்தைப் பொறுத்தது. வெம்மை கூடினால் விரைவாகவும், குளிரில் மெதுவாகவும் நடந்து, சில வாரங்களில் முடிகிறது. இவ்வாறு ஒட்டுண்ணியின் வளர்ச்சிக்கு இன்றியமையாத இடைக்கட்டமாக அமையும் உயிரினத்தை இடைநிலை ஓம்புயிர் என்று ஒட்டுண்ணியியல் குறிப்பிடுகிறது. எந்த நத்தை இனத்திற்குள் புகவேண்டும் என்பதில் இப்புழு அதிகம் தேர்வு பார்ப்பதில்லை. அதன் உலகளாவிய பரவலுக்கு இந்த நெகிழ்ச்சியே அடித்தளம்.

எனினும் பூனை நத்தையை விரும்பித் தின்னும் விலங்கு அன்று. இந்த முரணுக்கான விடை கிடைக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. 1927-இல் இப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்து எழுதிய கேமரான், சுண்டெலியே இடைநிலை ஓம்புயிர் என்று கருதினார்; எலியின் உடலில் இளம்புழுக்கள் இருக்கின்றன, எலியைப் பூனை தின்கிறது, ஆகவே சுழற்சி அங்கே நிறைவடைகிறது என்று கொள்வது இயல்பாகத்தான் இருந்தது. 1935-இல் ஹோப்மாயர் என்னும் குடும்பப்பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள், நத்தையின்றி இளம்புழு வளர்ச்சியடைவதில்லை என்பதையும், எலி வெறும் சுமப்பாளியே என்பதையும் நிறுவினர். நத்தையைத் தின்ற எலி, பறவை, தவளை, பல்லி, அரணை ஆகியவற்றின் திசுக்களில் மூன்றாம் நிலை இளம்புழு மேலும் வளராமலும் சாகாமலும் காத்திருக்கிறது. அந்த உயிரினத்தைப் பூனை வேட்டையாடித் தின்னும்போது தன் இறுதி இருப்பிடத்திற்கு வழி பெறுகிறது. வளர்ச்சிக்குத் தேவைப்படாமல், கடத்திச் செல்வதற்கு மட்டும் பயன்படும் இத்தகைய உயிரினங்களுக்குச் சுமக்கும் ஓம்புயிர்கள் என்று பெயர். பூனைக்குப் பெரும்பாலும் தொற்று வருவது இவற்றின் வழியாகவே. கேமரானின் கருத்து பிழையானதாயினும், பூனையின் உணவு எலி என்ற உண்மையிலிருந்து அது புறப்பட்டதை மறக்கலாகாது. நத்தையையும் எலியையும் சேர்த்து வைத்தபோதுதான் படம் முழுமையடைந்தது.

அண்மைக்கால ஆய்வுகள் இந்தப் படத்தில் இன்னொரு கோட்டையும் வரைந்துள்ளன. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, தொற்றுள்ள நத்தைகளிலிருந்து மூன்றாம் நிலை இளம்புழுக்கள் நீரிலும் சளிக்கோழையிலும் வெளிப்படக்கூடும் என்பதைக் காட்டியது. அப்படியானால் வேட்டையாடாத பூனைகூட, நத்தை விழுந்து இறந்த தண்ணீரைக் குடித்தோ, நத்தை ஊர்ந்த உணவுத் தட்டை நக்கியோ தொற்றைப் பெறுவதற்கு வாய்ப்பிருக்கிறது. வீட்டின் பின்கட்டிலும் தோட்டத்திலும் இரவு முழுவதும் உணவுக் கிண்ணத்தைத் திறந்து வைக்கும் வழக்கத்தை விடுவதற்கு இது போதுமான காரணம்.

விழுங்கப்பட்ட இளம்புழு பூனையின் இரைப்பை, குடல் சுவரைத் துளைத்து, நிணநீர், இரத்த ஓட்டங்களின் வழியே விரைவில் நுரையீரலை அடைகிறது. அங்கே முதிர்ந்து, இணைந்து, முட்டையிட்டு, பூனையின் மலத்தில் மீண்டும் இளம்புழுக்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வாரங்கள் ஆகின்றன. அதற்குப் பின் பல மாதங்கள் அவை வெளியேறிக்கொண்டே இருக்கலாம். ஆனால் நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை, சில நாட்களில் முற்றிலும் இல்லாமலும் போகும்.

நுரையீரலுக்கு உண்டாகும் தீங்கில் முதிர்ந்த புழுவின் பங்கைவிட அதன் முட்டைகளுக்கும் இளம்புழுக்களுக்கும் உள்ள பங்கே பெரிது. காற்றறைகளில் அடைந்து கிடக்கும் முட்டைக் குவியல்களைச் சுற்றி உடலின் எதிர்ப்பணுக்கள் திரண்டு, சாம்பலும் மஞ்சளும் கலந்த சிறு முடிச்சுகளை உருவாக்குகின்றன. கடுந்தொற்றில் இம்முடிச்சுகள் ஒன்றோடொன்று இணைந்து, காற்றுப் புகமுடியாத திண்மையான பரப்புகளாகிவிடும். மூச்சுச் சிறுகுழல்களைச் சுற்றியுள்ள தசையும், நுரையீரல் தமனிக் கிளைகளின் சுவரிலுள்ள தசையும் தடிக்கின்றன. 1960-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஹாமில்டன் தொடர்ந்து நடத்திய ஆய்வுகள் தமனிகளின் இம்மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்தன. புழு அழிந்த பிறகும் இத்தடிப்பு நெடுங்காலம் நீடிக்கக்கூடும் என்பது, நோயை விரைவில் கண்டறியவேண்டியதன் அவசரத்தைக் காட்டுகிறது. குடலிலிருந்து நுரையீரலுக்குப் பயணப்படும் இளம்புழுக்கள் குடல் பாக்டீரியாக்களையும் உடன் கொண்டுசெல்லும் வாய்ப்புண்டு. அவ்வாறு நேரும்போது புழுநோயின் மேல் நிமோனியாவும் சேர்ந்து, குறிப்பாகக் குட்டிகளின் உயிருக்கு ஆபத்தாகிறது.

தொற்றிய பூனைகளில் பல, வெளியில் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. நல்ல உடல்நிலையுள்ள வளர்ந்த பூனை குறைந்த எண்ணிக்கையிலான புழுக்களைத் தாங்கிக்கொள்கிறது. காலப்போக்கில் தொற்று தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. இருமல், தும்மல், மூக்கில் நீர் வடிதல், விரைந்த மூச்சு, மெலிவு ஆகியவை நடுத்தர நிலை. வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், வயிற்றை அழுத்தி மூச்சிழுத்தல், ஈறுகள் நீலம் பாரித்தல் ஆகியவை கடுநிலை; நாய் ஓடிவிட்டு வாய் திறந்து மூச்சு வாங்குவது இயல்பானதே, ஆனால் ஓய்வாக இருக்கும் பூனை அவ்வாறு செய்வது எந்நேரத்திலும் அவசர நிலையாகவே கருதப்படவேண்டும். அடையாளமற்ற பூனையின் நிலையும் அவ்வளவு பாதுகாப்பானது அன்று. சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைத் தொற்று ஆய்வுகளில், சி.டி. ஸ்கேன் படங்கள் நுரையீரலெங்கும் முடிச்சுகளும் அழற்சியும் பரவியிருப்பதைக் காட்டின. வெளித்தோற்றத்தின் அமைதியை மட்டும் நம்பி நுரையீரலின் நிலையை மதிப்பிட இயலாது.

கருத்தடை அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்படும் தெருப்பூனைகளிடத்தில்தான் இந்த மறைவான தீங்கு சட்டென்று வெளிப்படக்கூடும். இருமலே இல்லாமல் நடமாடிய பூனையின் நுரையீரலில் பாதிப் பரப்பு ஏற்கனவே பயனற்றுப் போயிருந்தால், மயக்கத்தின்போது குறையும் மூச்சை ஈடுசெய்ய அதனிடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. தெருப்பூனைகளின் துயரைக் குறைக்கவென்றே நடத்தப்படும் முகாம்களில் இவ்வாறு உயிர்கள் போவது வேதனைக்குரியது. பெருந்திரளான முகாமில் ஒவ்வொரு பூனையையும் சோதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றாலும், மயக்கத்திற்கு முன் மூச்சின் எண்ணிக்கையையும் தன்மையையும் பொறுமையாகக் கவனிப்பதும், ஐயமிருக்கும் பூனையின் அறுவையைத் தள்ளிவைத்து முதலில் புழுநீக்கம் செய்வதும் இயலாதவை அல்ல.

சல்லடைத் துணியும் ஒரு புனலும்

வழக்கமான மலப் பரிசோதனையில் மலத்தை அடர்ந்த உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்துவரும் முட்டைகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குடற்புழுக்களின் முட்டைகளுக்கு இம்முறை ஏற்றது. நுரையீரல் புழுவோ முட்டையாக வெளிவருவதில்லை. உயிருள்ள இளம்புழுவாக வருகிறது. அடர்கரைசலில் அது சுருங்கி உருத்தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே பரிசோதனை செய்யப்பட்டது, புழு இல்லை என்று அறிக்கை வந்தது என்பதால் மட்டும் நுரையீரல் புழு இல்லையென்று கொள்ளக்கூடாது. எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்று கேட்கும் உரிமை பூனை வளர்ப்பவருக்கு உண்டு.

இதற்குரிய முறை பேர்மன் முறை. டச்சு ஆட்சியிலிருந்த இன்றைய இந்தோனேசியாவில், மனிதரைத் தாக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பதற்காக மருத்துவர் பேர்மன் 1917-இல் வெளியிட்ட எளிய உத்தி அது. ஒரு புனலின் அடியில் ரப்பர் குழாயைப் பொருத்தி, அதைக் கவ்வியால் இறுக்கி, புனலில் வெதுவெதுப்பான நீரை நிரப்பவேண்டும். புதிதாக எடுத்த ஏறக்குறைய பத்து கிராம் மலத்தைச் சல்லடைத் துணியில் முடிந்து நீரில் அமிழுமாறு வைக்கவேண்டும். வெம்மையையும் ஈரத்தையும் உணர்ந்த இளம்புழுக்கள் நெளிந்து துணியைக் கடந்து வருகின்றன; நீரில் எதிர்நீச்சலிடத் தெரியாததால் கீழே இறங்கிக் குழாயின் அடியில் சேர்கின்றன. ஓரிரவு கழித்துக் கவ்வியைத் தளர்த்தி முதலில் வடியும் சில மில்லிலிட்டர் நீரை நுண்ணோக்கியில் பார்த்தால், வால் நுனி S போல வளைந்து, ஒரு சிறு முள்ளோடு முடியும் இளம்புழு உயிரோடு நெளிவது தெரியும். மண்ணில் கிடந்த மலத்தை எடுத்தால் மண்ணில் தனித்து வாழும் புழுக்களும் கலந்து குழப்பும்; காய்ந்த மலத்தில் இளம்புழுக்கள் இறந்திருக்கும். வெளியேற்றம் நாளுக்கு நாள் மாறுவதால் தொடர்ந்து மூன்று நாட்களின் மலத்தைப் பரிசோதிப்பது வழக்கம். தொற்றிய முதல் சில வாரங்களில், இளம்புழுக்கள் வெளிவரத் தொடங்கும் முன்பே இருமல் தோன்றிவிடலாம் என்பதால், அக்காலத்தில் எதுவும் தென்படாமலும் போகும். இந்த இடைவெளியை நிரப்ப மரபணுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும், இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையும் உருவாக்கப்பட்டுள்ளன; அவை எங்கும் கிடைப்பதில்லை. புனல் எங்கும் கிடைக்கும்.

அடுத்தடுத்த அறைகளில் வேறு புழுக்கள்

12 ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 2,000 பூனைகளைப் பரிசோதித்து 2017-இல் வெளியான விரிவான ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒரு பூனைக்கு நுரையீரல் புழு இருந்தது தெரியவந்தது. அவற்றுள் பெரும்பான்மை ஏலூரோஸ்ட்ராங்கைலஸ்தான். ஆனால் கணிசமானவற்றில் ட்ரோக்ளோஸ்ட்ராங்கைலஸ் பிரீவியர் என்னும் உறவுப்புழுவும் காணப்பட்டது. 1940-களின் இறுதியில் பாலஸ்தீனத்தில் கெரிக்டர் விவரித்த இப்புழு, நெடுங்காலம் காட்டுப்பூனைகளின் ஒட்டுண்ணி என்றே கருதப்பட்டது. 2010 முதல் ஸ்பெயினின் இபிசா தீவிலும் இத்தாலியிலும் வீட்டுப்பூனைகளிடம் பதிவாகத் தொடங்கியது. அது சற்றுப் பெரிய உடலுடையது, மூச்சுக்குழலிலும் அதன் பெருங்கிளைகளிலும் வாழ்வது; குட்டியின் குறுகிய மூச்சுக்குழலை அது அடைத்துவிடக்கூடும். தாயிடமிருந்தே குட்டிகளுக்கு இத்தொற்று செல்வதற்கான சான்றுகளும் கிடைத்துள்ளன. நத்தையையோ எலியையோ கண்டிராத, பால் மறவாத குட்டிகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெரிக்டர் விவரித்த இன்னொரு புழு, இன்று ஓஸ்லெரஸ் ரோஸ்ட்ரேட்டஸ் என்று அழைக்கப்படுவது, மூச்சுக்குழலின் சுவருக்குள்ளேயே பதிந்து வாழ்கிறது. அதன் உடலமைப்பையும் வாழ்க்கைச் சுழற்சியையும் விரிவாக ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டவர் இலங்கையின் செனவிரத்ன. வெப்பமண்டலத் தீவொன்றின் பூனைகளை இவ்வளவு அக்கறையோடு ஆராய்ந்த அந்தப் பணி, உலக ஒட்டுண்ணியியல் நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதன் தொடர்ச்சியாக நம் பகுதியில் விரிவான கள ஆய்வுகள் பெருகியிருக்கவேண்டும். நத்தை, எலி, பல்லி, அரணை, திரியும் பூனை என்று சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் இங்கே இருக்கின்றன. பிரேசிலில் ஏலூரோஸ்ட்ராங்கைலஸின் இளம்புழுக்களைச் சுமப்பது கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை, 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டதிலிருந்து இந்தியாவெங்கும் பரவி, மழைக்காலந்தோறும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தோட்டங்களை மூடுகிறது.

நிலத்து நத்தையின் பாதையைச் சேராத நுரையீரல் ஒட்டுண்ணிகளும் உண்டு. யூகோலியஸ் ஏரோஃபிலஸ் என்னும் முடிப்புழுவின் பரவலில் மண்புழுக்களுக்குப் பங்குண்டு; மிக அரிதாக மனிதரையும் அது தொற்றியிருக்கிறது. குடலில் வாழும் சாதாரண உருளைப்புழுவான டாக்சோகாரா கேட்டியின் இளம்புழுக்கள்கூடத் தம் பயணத்தின்போது நுரையீரலைக் கடந்து அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. இவற்றினும் கவனத்திற்குரியது பாராகோனிமஸ் என்னும் நுரையீரல் தட்டைப்புழு. 1878-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிசாலையில் இறந்த வங்கப்புலியின் நுரையீரலிலிருந்து கெர்பெர்ட் இதனை விவரித்து, அந்தக் காட்சிசாலையின் இயக்குநர் வெஸ்டர்மானின் பெயரைச் சூட்டினார். 1894-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் வார்டு இதன் உறவுப்புழுவை ஒரு வீட்டுப்பூனையிடம் கண்டார். பாராகோனிமஸுக்கு நன்னீர் நத்தையை அடுத்து நண்டும் இடைநிலை ஓம்புயிராகிறது. வேகாத நண்டை உண்ணும் வழக்கமுள்ள மணிப்பூரிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் மனிதர்களே இத்தொற்றுக்கு ஆளாகி, இரத்தம் கலந்த சளியோடு இருமி, காசநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டு, பயனற்ற மருந்தை மாதக்கணக்கில் உட்கொண்டிருக்கிறார்கள். மனிதருக்குக் காசநோய் என்றும் பூனைக்கு ஆஸ்துமா என்றும் பெயரிடும் அவசரம் ஒரே தன்மையது. ஏலூரோஸ்ட்ராங்கைலஸ் மனிதரைத் தொற்றுவதில்லை என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். இருமும் பூனையை அச்சத்தினால் வீட்டைவிட்டு விரட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நோய் உறுதியானபின் சிகிச்சை கடினமன்று. ஃபென்பெண்டசோல் என்னும் புழுநீக்க மருந்தை உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 50 மில்லிகிராம் என்ற அளவில் குறைந்தது மூன்று நாட்கள் கொடுப்பது நெடுங்கால வழக்கம். மாக்சிடெக்டின், எமோடெப்சைடு, எப்ரினோமெக்டின் ஆகியவை அடங்கிய, பின்கழுத்துத் தோலில் விடப்படும் சொட்டு மருந்துகளும் பயனளிக்கின்றன. மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அளவை முடிவுசெய்வதும் மருத்துவரின் பொறுப்பு. நாய்க்கென விற்கப்படும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொன்றுவிடக்கூடியவை என்பதால், கையில் இருப்பதைக் கொண்டு வீட்டிலேயே மருத்துவம் பார்ப்பது கூடவே கூடாது. ஏராளமான புழுக்கள் ஒருங்கே இறக்கும்போது அழற்சி பெருகி மூச்சுத்திணறல் கூடலாம். அப்போது ஸ்டீராய்டு உண்மையிலேயே உதவுகிறது. புழுநீக்க மருந்தின்றி அதை மட்டும் கொடுக்கும்போதுதான், இருமல் தணிந்து, நோய் தீர்ந்ததென்ற மயக்கம் உண்டாகி, முட்டைகள் காற்றறைகளில் குவிந்துகொண்டே போகின்றன. சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குப் பின் பேர்மன் சோதனையை மீண்டும் செய்து இளம்புழுக்கள் நின்றுவிட்டனவா என்று உறுதிசெய்வது அவசியம். வெளியே திரிந்து வேட்டையாடும் பூனைக்குக் கிடைத்த குணம் அடுத்த இரை அகப்படும்வரைதான் என்பதால், அத்தகைய பூனைகளுக்கு மழைக்காலத்தை ஒட்டியேனும் தடுப்பு மருந்தைத் தொடர்வது பற்றி மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும்.